செர்ஜ் ப்ளாங்கோ: வரமா, உழைப்பா?

பிரெஞ்சு ரக்பியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று செர்ஜ் ப்ளாங்கோ. 1980 முதல் 1991 வரை பிரான்சுக்காக 93 ஆட்டங்கள் ஆடியவர். அவரை ‘ரக்பியின் பெலே’ என்றார்கள். அந்தப் பட்டத்தில் புகழ் இருக்கிறது. கூடவே ஒரு முன்முடிவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது, அவர் யோசிக்காமல் ஆடினார், மனம்போன போக்கில் ஆடியதுதான் அவருடைய அழகு என்ற முன்முடிவு அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவருடைய ஆட்ட வாழ்க்கையை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ரக்பி நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கமாக வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோதான் பாஸ் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ‘டிரை’. ப்ளாங்கோ ஆடிய காலத்தில் அதற்கு 4 புள்ளி. 1992இல்தான் 5 ஆனது. முன்வரிசையில் எட்டுப் பேர் ஸ்க்ரமில் தோள்கொடுத்துத் தள்ளி மோதிப் பந்தை வென்று தருவார்கள். பின்வரிசை ஏழு பேர் அதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். எல்லோருக்கும் பின்னால், தனியாக, கடைசிக் காவலாக நிற்பவர் ஃபுல்பேக். 15ஆம் எண் சட்டை அவருடையது. ப்ளாங்கோ தொடக்க ஆண்டுகளில் சில ஆட்டங்களில் ஓரத்தில், அதாவது விங்கில் ஆடினார். மற்றபடி அந்த 15ஆம் எண்தான் அவருடைய இடம்.

1958 ஆகஸ்ட் 31 அன்று வெனிசுவேலாவின் தலைநகர் கராக்கஸில் பிறந்தவர் அவர். தந்தை வெனிசுவேலாக்காரர், தாய் பிரான்சின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, தாய் மகனை எடுத்துக்கொண்டு தன் ஊர்ப்பக்கம் திரும்பினார். அப்படித்தான் அட்லாண்டிக் கரையில் உள்ள பியாரிட்ஸ் அவருடைய ஊராயிற்று. அந்த ஊரின் சிவப்பு வெள்ளைச் சட்டை போட்ட பியாரிட்ஸ் ஒலிம்பிக் கிளப்பில் சேர்ந்தவர், ஆட்டத்தை விட்டு விலகும்வரை வேறு கிளப் பக்கம் போகவில்லை. கிளப் மாறுவதால் பெரிய பணம் வராத காலம் அது. ரக்பி யூனியன் சட்டப்படி தொழில்முறை ஆட்டமானது 1995 ஆகஸ்டில்தான். அதுவரை ஆடுவதற்குக் கூலி கூடாது என்பதே விதி.

அந்த விதிக்கும் பிரான்சுக்கும் பழைய பகை உண்டு. பிரெஞ்சுக் கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுக்கின்றன, மைதானத்தில் அடிதடி மிஞ்சிவிட்டது என்று சொல்லி பிரித்தானியச் சங்கங்கள் 1931இல் பிரான்சுடன் ஆடுவதையே நிறுத்திக்கொண்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947இல்தான் அந்தச் சங்கங்களின் அணிகளோடு ஆண்டுதோறும் ஆடும் ஐந்து நாடுகள் போட்டிக்குப் பிரான்ஸ் திரும்பிவந்தது. ஆக, பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி ஒரு பொதுப் பேச்சு ப்ளாங்கோ பிறப்பதற்கு முன்பே இருந்தது: கட்டுப்பாடு இல்லாதவர்கள், ஒருநாள் தேவர்களாகவும் மறுநாள் வேறு மாதிரியாகவும் ஆடுவார்கள், என்ன செய்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இதில் கசப்பும் உண்டு, காதலும் உண்டு. ப்ளாங்கோ வந்தபோது அந்தப் பேச்சுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அவருடைய தோல் நிறமும் அதில் ஒரு பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன். கருத்த உடம்புள்ள ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் ‘இயற்கை’ என்பதும், வெளுத்தவர் ஆடினால் ‘மதிநுட்பம்’ என்பதும் ஐரோப்பிய விளையாட்டு எழுத்தில் நெடுநாள் வழக்கம். அவர் சிகரெட் பிடிப்பவர் என்பதும் ஊரறிந்த சேதி. பயிற்சி இல்லாமல் வந்த மேதை என்ற கதைக்கு அதுவும் தோதாக அமைந்தது.

இனி, அவர் உண்மையில் என்ன செய்தார் என்று பார்க்கலாம். எதிரணி பந்தை உயரமாக உதைக்கிறது. பந்து மேலே இருக்கும்போது உதைத்தவர்களில் நான்கைந்து பேர் அதைத் துரத்தி ஓடிவருகிறார்கள். கீழே நிற்கும் ஃபுல்பேக் மேலே பார்த்தால் பந்து தெரியும், வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள். வருகிறவர்களைப் பார்த்தால் பந்து நழுவும். பெரும்பாலோர் பந்தைப் பிடித்து உடனே வெளியே உதைத்துவிடுவார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, பாதுகாப்பான வழி அது. ப்ளாங்கோ பந்து மேலெழும்பிய அந்த முதல் கணத்திலேயே துரத்தி வருகிறவர்களின் வரிசையைப் படித்துவிடுவார். ஐந்து பேர் ஒரே வேகத்தில் ஓட முடியாது. ஒருவர் முந்துவார், ஒருவர் பின்தங்குவார், அந்த இருவருக்கும் நடுவில் சந்து விழும். கபடியில் ரெய்டு போகிறவர் எதிரே நிற்கும் சங்கிலியில் எந்தப் பிடி தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாரே, அதே பார்வை. பந்து கைக்கு வரும்போது அவருடைய கால் ஏற்கெனவே அந்தச் சந்தை நோக்கித் திரும்பியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது திடீர் முடிவாகத் தோன்றும். முடிவு எடுக்கப்பட்டுச் சில விநாடிகள் ஆகியிருக்கும்.

கடல் காற்றடிக்கும் ஊரில் உயரப் பந்தைப் பிடித்து வளர்ந்தவருக்கு இது கைவந்ததில் வியப்பில்லை. ஆனால் காற்று எல்லோருக்கும்தான் அடிக்கிறது. இந்தப் பார்வை பல்லாயிரம் முறை பந்தின் கீழ் நின்றால் மட்டுமே வரும்.

இன்னொன்றும் உண்டு. ஃபுல்பேக் தனியாக எவ்வளவு ஓடினாலும் எங்கோ ஓரிடத்தில் பிடிபடுவார். பிடிபடும் நேரத்தில் பக்கத்தில் தன் ஆள் இருந்தால்தான் ஓட்டத்துக்குப் பொருள். ப்ளாங்கோ ஓடத் தொடங்குகிறார் என்றால் மற்றவர்கள் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது பிலிப் செல்லா, பியர் பெர்பிசியே போன்ற அணித்தோழர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடி வந்த புரிதல் அது. இதை மனம்போன போக்கு என்று சொல்வது அந்தப் பதினைந்து பேருக்கும் இழைக்கும் அநீதி.

தேசிய அணிக்கு அவர் முதன்முதலாக ஆடியது 1980 நவம்பர் 8, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில். பிரான்ஸ் 15-37 என்று தோற்றது. அடுத்த ஆண்டே ஐந்து நாடுகள் போட்டியில் நான்கு ஆட்டங்களையும் வென்று ‘கிராண்ட் ஸ்லாம்’ அடித்தது. அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஜாக் ஃபூரூ. உருவத்தில் சிறியவர், ஆட்டக்காரராக 1977இல் கிராண்ட் ஸ்லாம் வென்ற அணியின் தலைவர். 1990 வரை நீடித்த அவருடைய காலத்தை ஆராய்வது நம் கேள்விக்கு மிக முக்கியம். ஏனென்றால் ஃபூரூவுக்கு அழகு ஆட்டத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆளுயரமும் எடையும் உள்ள முன்வரிசை, எதிரியை நசுக்கும் ஸ்க்ரம், பிறகுதான் மற்றதெல்லாம் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சு ரக்பியின் ஆன்மாவையே கொல்கிறார் என்று உள்நாட்டிலேயே அவரைத் திட்டினார்கள்.

அந்தக் கொள்கையின் கீழ்தான் ப்ளாங்கோ தன் மிகச் சிறந்த ஆண்டுகளை ஆடினார். 1980களில் பிரான்ஸ் ஐந்து நாடுகள் போட்டியில் தனித்தோ பகிர்ந்தோ ஆறு முறை முதலிடம் பெற்றது: 1981, 1983, 1986, 1987, 1988, 1989. 1986 நவம்பரில் நாந்த் நகரில் நியூசிலாந்தை 16-3 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தின் வெய்ன் ஷெல்ஃபோர்டுக்குப் பற்கள் விழுந்தன, விதைப்பை கிழிந்தது. ரக்பியின் மிகக் கொடூரமான ஆட்டங்களில் ஒன்றாக அது இன்றும் நினைக்கப்படுகிறது. முன்னால் அப்படி அடித்து நொறுக்கி ஈட்டிக் கொடுத்த பந்தைத்தான் பின்னால் நின்ற ப்ளாங்கோ அழகாக்கினார். எதிரணி முன்வரிசை களைத்து நின்றால்தான் பின்னால் சந்து விழும். ஃபூரூவின் இரும்பும் ப்ளாங்கோவின் ஓட்டமும் எதிரெதிர் என்று எழுதுகிறவர்கள் ஆட்டத்தைப் பாதிதான் பார்க்கிறார்கள். ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

1987இல் முதல் உலகக் கோப்பை நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. பிரான்சின் முதல் ஆட்டம் கிறைஸ்ட்சர்ச்சில் ஸ்காட்லாந்துடன், 20-20 சமன். அதில் ப்ளாங்கோ அடித்த டிரை ஒன்று இன்றும் சர்ச்சைக்குரியது. பெர்பிசியே அடிபட்டு விழுந்து கிடக்கிறார், எல்லோருடைய கவனமும் அங்கே. பிரான்சுக்குக் கிடைத்த பெனால்டியை ப்ளாங்கோ சட்டென்று தானே எடுத்து ஓடி டிரை வைத்துவிட்டார். விதிப்படி தவறில்லை. நாகரிகமா என்ற கேள்வியை ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுப்பினார்கள்; அதில் நியாயம் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. கனவில் மிதக்கும் கலைஞன் செய்கிற காரியம் அல்ல அது. எல்லோரும் கண்ணை எடுத்த நேரத்தில் கண்ணை எடுக்காதவர் செய்த காரியம்.

ஜூன் 13, சிட்னியின் கான்கார்ட் ஓவல். அரையிறுதியில் எதிரே ஆஸ்திரேலியா. கோப்பையை வாங்கப்போவது ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ என்றுதான் பரவலாகப் பேச்சு இருந்தது. ஆட்டம் மாறி மாறிச் சாய்ந்து கடைசி நிமிடங்களில் 24-24. அப்போது வந்தது அந்த டிரை. பந்து முன்வரிசைக்காரர், பின்வரிசைக்காரர் என்ற பேதமின்றிக் கைமாறியது. கீழே விழுந்தது, துள்ளியது, மீண்டும் பிரெஞ்சுக் கையில் சிக்கியது. கடைசியில் பருத்த உடம்புக்காரரான லோரான் ரோத்ரிகெஸ் அதை எடுத்து ப்ளாங்கோவிடம் தள்ளினார். மூலைக் கொடிக்கும் அவருக்கும் நடுவே ஆஸ்திரேலியாவின் டாம் லாட்டன் பாய்ந்து வந்தார். ப்ளாங்கோ சறுக்கி விழுந்து, லாட்டனின் கைகள் இறுகுமுன் பந்தை ஊன்றிவிட்டார். திதியே காம்பெராபெரோ ஓரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து மேலும் 2 புள்ளி சேர்த்தார். 30-24. நடுவில் பந்து ஒருமுறை முன்னால் தட்டப்பட்டது, நடுவர் கவனிக்கவில்லை என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்த டிரையைத்தான் ‘மந்திரம்’ என்பார்கள். நான் பார்க்கச் சொல்வது ப்ளாங்கோ நின்ற இடத்தை. எண்பது நிமிட ஆட்டத்தின் கடைசியில் ஒரு ஃபுல்பேக் எதிரணியின் மூலைக் கொடிக்கு அருகே, கடைசி ஆளாக, பாஸ் வாங்கும் தூரத்தில் வந்து நிற்கிறார். பந்து எங்கெங்கோ சிதறிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அங்கே வர முடியும். மந்திரத்துக்கு முன்னால் அந்த நெடிய ஓட்டம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து 29-9 என்று வென்றது. பிரெஞ்சுக்காரர்கள் தங்களிடம் இருந்ததையெல்லாம் சிட்னியிலேயே செலவழித்துவிட்டிருந்தார்கள்.

எண்களுக்கு வருவோம். 93 ஆட்டம், 38 டிரை. 1991இல் அவர் தேசிய அணியிலிருந்து விலகியபோது பிரான்சில் அதற்கு மேல் எவரும் அடித்ததில்லை. அந்த எண்ணிக்கை முப்பது ஆண்டுகளைத் தாண்டி நின்றது. விங் ஆட்டக்காரரான டேமியன் பெனோ 2025 மார்ச்சில் டப்லினில் அதைச் சமன்செய்து, அதே ஆண்டு நவம்பரில் தாண்டினார். அதுவும் ப்ளாங்கோவைவிட மிகக் குறைந்த ஆட்டங்களில். பெனோவின் சாதனை பெரிது. ஆனால் பெனோ நிற்கும் விங் டிரை அடிப்பதற்கென்றே உள்ள இடம். ப்ளாங்கோ நின்றது டிரையைத் தடுக்க வேண்டிய இடம். அவர் அடித்த டிரைகளில் பல, எதிரணி தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், தன் பக்கத்தின் ஆழத்திலிருந்து தொடங்கியவை.

அதிகம் பேசப்படாத இன்னொரு எண் இருக்கிறது. பிரான்சுக்காக அவர் எடுத்த மொத்தப் புள்ளி 233. அதில் 38 டிரைக்கு 152 போக, மீதி 81 புள்ளியும் காலால் வந்தவை: 21 பெனால்டி, டிரைக்குப் பின் உதைக்கும் கன்வர்ஷன் 6, ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் டிராப் கோல் 2. பெனால்டி உதைப்பது ரக்பியிலேயே மிகச் சலிப்பூட்டும் வேலை. பந்தை நிறுத்தி, அடி அளந்து பின்னால் போய், மூச்சை அடக்கி உதைக்க வேண்டும். அந்த வேலையையும் அவர் செய்திருக்கிறார் என்பது ‘கவிஞர்’ என்ற படத்துக்குப் பொருந்தாததால் யாரும் சொல்வதில்லை.

1991 மார்ச் 16, லண்டன் ட்விக்கனம். இங்கிலாந்து, பிரான்ஸ் இரண்டுமே அந்த ஆண்டு தோற்காமல் வந்திருந்தன. வெல்பவருக்குக் கிராண்ட் ஸ்லாம். பிரான்சின் தலைவர் ப்ளாங்கோ. ஆட்டத்தின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சைமன் ஹாட்ஜ்கின்சன் உதைத்த பெனால்டி குறிதவறி பிரெஞ்சுக் கோட்டுக்குப் பின்னால் போயிற்று. இந்த நிலையில் எல்லோரும் செய்வது, பந்தைத் தரையில் ஊன்றி ஆட்டத்தை நிறுத்தி, 22 மீட்டர் கோட்டிலிருந்து மீண்டும் தொடங்குவது. இங்கிலாந்துக்காரர்கள் அதை எதிர்பார்த்து முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்கள். பெர்பிசியே ஊன்றவில்லை, ப்ளாங்கோவிடம் கொடுத்தார். ப்ளாங்கோ தன் கோட்டுக்குப் பின்னாலிருந்தே ஓடத் தொடங்கினார். அவரிடமிருந்து லாஃபோன், லாஃபோனிடமிருந்து செல்லா, செல்லாவிடமிருந்து காம்பெராபெரோ. காம்பெராபெரோ ஓடிக்கொண்டே பந்தை எதிராளியின் தலைக்கு மேல் தட்டித் தானே பிடித்து, மைதானத்தின் குறுக்கே நடுவை நோக்கி உதைத்தார். அங்கே பிலிப் சேன்-ஆந்த்ரே ஓடிவந்து சேர்ந்தார். கம்பங்களுக்கு அடியில் டிரை. நூறு மீட்டர் தூரத்தை அந்தப் பந்து கடந்திருந்தது. ஆட்டத்தை இங்கிலாந்து 21-19 என்று வென்றது. வென்றவர்கள் அடித்த டிரையைவிட அன்று தோற்றவர்கள் அடித்த இந்த டிரைதான் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது.

அதே ஆண்டு அக்டோபர் 19, பாரிஸின் பார்க் தெ ப்ரான்ஸ். உலகக் கோப்பைக் காலிறுதி, மறுபடி இங்கிலாந்து. ப்ளாங்கோ எப்படியும் உயரப் பந்தின் கீழ் நிற்பார், அங்கேயே அவரைத் தாக்குவோம் என்பதாக இருந்தது இங்கிலாந்தின் அன்றைய ஆட்டம். நைஜல் ஹெஸ்லாப் தாமதமாக வந்து மோத, தலைவரான ப்ளாங்கோ பொறுமையிழந்து அவரைக் கையால் குத்தினார். பிரான்ஸ் 10-19 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நடுவரிடம் தகராறு செய்த பயிற்சியாளர் தானியல் துப்ரோக்கா பதவி விலக நேர்ந்தது. 1987 அணியின் தலைவர் அவர்தான். ப்ளாங்கோவின் கடைசி சர்வதேச ஆட்டம் அப்படி முடிந்தது. அன்று அவர் நடந்துகொண்ட முறைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எதிரணி தன் முழுத் திட்டத்தையும் ஓர் ஆட்டக்காரரின் பொறுமையைக் குலைப்பதில் வைத்தது என்றால், அவரை என்னவாக மதித்தது என்பதும் அதில் தெரிகிறது.

கிளப் வாழ்க்கையில் அவருக்கு ஒரு குறை கடைசிவரை தீரவில்லை. பிரெஞ்சு சாம்பியன் கிளப்புக்கு ப்ரென்னுஸ் கேடயம் தரப்படும். 1892இல் தொடங்கிய வழக்கம். பித்தளைத் தகடு பதித்த மரப்பலகை. கேடயம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ கூபெர்தேன். முதல் இறுதி ஆட்டத்துக்கு நடுவரும் அவரே. பியாரிட்ஸ் 1935லும் 1939லும் அதை வென்றிருந்தது. 1992 ஜூன் 6 அன்று ப்ளாங்கோவின் கடைசி ஆட்டமாக அமைந்த இறுதியில் தூலோன் 19, பியாரிட்ஸ் 14. கேடயம் தூலோனுக்குப் போயிற்று.

அதன் பிறகு அவர் எடுத்த வேடம் பலருக்கு அதிர்ச்சி. விளையாட்டு ஆடை வணிகம், ஆன்டாய் கடற்கரையில் கடல்நீர்ச் சிகிச்சை விடுதி என்று தொழிலில் இறங்கினார். பியாரிட்ஸ் கிளப்பின் தலைவரானார். 1998இல் தொழில்முறைக் கிளப்புகளுக்கான தேசிய ரக்பி லீக் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பத்தாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில்தான் முதல்நிலைப் போட்டி 14 கிளப்புகளாகச் சுருக்கப்பட்டு இன்றுள்ள ‘டாப் 14’ ஆனது. தொலைக்காட்சிப் பணம், ஐரோப்பியக் கோப்பையில் கிளப்புகளின் பங்கு, தேசிய அணிக்கு ஆட்களை விடுவிப்பது என்று தேசியச் சம்மேளனத்துடனும் பிற நாடுகளுடனும் அவர் போட்ட சண்டைகள் பல. 2007இல் ஐரோப்பியக் கோப்பையையே புறக்கணிப்போம் என்று பிரெஞ்சுக் கிளப்புகள் மிரட்டின.

ஓட்டத்தின் கவிஞர் கணக்குப் பிள்ளை ஆகிவிட்டார் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே ஆள்தான். எதிரே வருகிறவர்களின் வரிசையைப் படித்து, சந்து எங்கே விழும் என்று முன்கூட்டிக் கணிப்பவர் பேரம் பேசும் மேசையிலும் அதையே செய்தார். ஆனால் அவருடைய நிர்வாக வாழ்க்கைக்கு முழு மதிப்பெண் போட முடியாது. பியாரிட்ஸ் 2002, 2005, 2006 என மூன்று முறை சாம்பியனானது. ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு 2006லும் 2010லும் போய் இரு முறையும் சில புள்ளிகளில் தோற்றது. அந்த வெற்றிகளுக்குப் பின்னால் கப்ஜெமினி நிறுவனத்தை உருவாக்கிய செர்ஜ் காம்ஃபின் பணம் இருந்தது. இருபத்தைந்தாயிரம் பேர் அளவிலான ஒரு கடற்கரை ஊர் தன் வருமானத்தில் அப்படி ஓர் அணியைத் தாங்க முடியாது. 2014இல் பியாரிட்ஸ் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பெருநகரங்களின் பணத்துக்கு வசதியான போட்டியை உருவாக்கியதில் ப்ளாங்கோவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் போட்டியில் அவருடைய சொந்த ஊரே பின்தங்கியது. இதை எழுதாமல் அவருடைய வாழ்க்கையை எழுதியதாகாது.

இன்றைய பிரெஞ்சு ஆட்டக்காரரின் வாழ்க்கை எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு அந்துவான் துப்போன் போதும். துலூஸ் கிளப்பில் ஆடும் அவர் 2024இல், பழைய ஐந்து நாடுகள் போட்டியின் இன்றைய வடிவமான ஆறு நாடுகள் போட்டியை விட்டு விலகி, எழுவர் ரக்பிக்குப் பயிற்சி எடுத்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று திரும்பினார். முழுநேர ஆட்டக்காரருக்குத்தான் அப்படி ஒரு முடிவு சாத்தியம். ஆனால் துப்போனைப் பற்றி எழுதும்போது எவரும் அவருடைய பயிற்சியை, உணவை, காணொளி ஆய்வை மறைப்பதில்லை. அவருடைய திறமைக்குக் காரணம் தேடுகிறார்கள். ப்ளாங்கோவுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. ‘வரம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அவர் ஆடிய முக்கிய ஆட்டங்களின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1991 ட்விக்கனம் டிரையைப் பார்க்கிறவர்கள் ஒருமுறை பந்தை விட்டுவிட்டுப் பந்து கையில் இல்லாத பிரெஞ்சுக்காரர்களை மட்டும் பாருங்கள். யாரும் கூப்பிடாமலே ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.